பொருளுக்கு வரும் உருபு

அம்பிட்டிய கோயில் இளைஞர் குழு கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்கு நாடகம் போட முடிவு செய்தபோது, எழுதும் பொறுப்பை லோரன்ஸ் ஏற்றான். காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அவனுக்கு மொழிகள் என்றால் பைத்தியம். நாடகத்தில் வரும் மலைவாசிகளுக்காகப் புதிதாக ஒரு பாஷையையே கட்டினான். வெறும் சத்தமாக விட்டுவிடாமல், ஒருமை பன்மை, வேற்றுமை உருபு எல்லாம் வைத்தான். அதில் பெயர்கள் இரண்டு வகை. ஆளை அழைத்து வரச் சொன்னால் பெயரோடு 'வே' சேரும், பலரானால் 'வேரி'. பொருளை எடுத்து வரச் சொன்னால் 'தோ'. பல பொருள்களானால் 'தோலி'.

நடிப்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பிடித்துப்போய், தேத்தண்ணி குடிக்கும்போதுகூட அதிலேயே பேசினார்கள். சொல் ஞாபகம் வராவிட்டால் தமிழ்ப் பெயரோடு உருபை ஒட்டிக்கொள்வார்கள். "டொரதிவே" என்றால் டொரதி எழுந்து வருவாள். லோரன்ஸுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

சுகிர்தா மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டு, அம்பிட்டியவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். குழுவுக்குப் புதியவள்; அதிகம் பேசமாட்டாள். நாடகத்தில் கூட்டத்தோடு நிற்கும் வேஷம் அவளுக்கு.

ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்து சாமான்களை வேனில் ஏற்றினார்கள். சுகிர்தா மேடையில் உட்காரப் போட்டிருந்த ஒரு கதிரையைத் தூக்கி வந்தாள். வேனுக்குள் நின்ற கிஷான் அவளைப் பார்த்துச் சொன்னான்: "பெட்டிதோ, கதிரைதோ, சுகிர்தாதோ."

எல்லாரும் சிரித்தார்கள். லோரன்ஸும் சிரித்தான். தாளைப் பார்க்காமலே ஒருவன் தன் பாஷையில் ஒரு வாக்கியமே அமைத்துவிட்டானே என்ற சந்தோஷம் அவனுக்கு.

"கிஷான், மூணும் சேந்தா பன்மை. தனித்தனியா 'தோ' வராது. கடைசியில 'தோலி' போடணும்."

"பெட்டி, கதிரை, சுகிர்தாதோலி," என்றான் கிஷான்.

சுகிர்தா கதிரையை வேனில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஒத்திகைக்கு அவள் வரவில்லை.

அந்த ஒத்திகைக்கு மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் லோரன்ஸுக்கு உறைத்தது. கிஷான் ஓர் ஆளைச் சாமானாக்கினான். தான் அதை இலக்கணப்படி சரியாக்கிக் கொடுத்திருக்கிறோம். அதன்பின் பிரீமியம் கட்ட வந்தவர் கேட்ட கேள்விகூட அவன் காதில் ஏறவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் துணிக்கடைக்குப் போனான்.

சுகிர்தா பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு சுகிர்தா. மன்னிச்சிருங்க."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "கிஷான் வெளையாட்டுக்குச் சொன்னாருன்னு விட்டிருப்பேன்ண்ணே. நீங்க வாயத் தொறந்ததும், 'அவ ஆளு, அந்த உருபு வராது'ன்னு சொல்லப்போறீங்கன்னுதான் நெனச்சேன்."

அவன் கீழே சரிந்த ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தான். "திரும்ப வருவீங்களா?" என்றான்.

"கோவம் ஒண்ணும் இல்ல. அங்க வந்து நிக்க மனசு வரல."

அடுத்த ஒத்திகையில் லோரன்ஸ் எல்லாவற்றையும் சொன்னான். "நீங்களுந்தானே சிரிச்சீங்க," என்றான் கிஷான், தலையைக் குனிந்தபடி. "ஆமா. ஒன்னவிட எம் பேர்லதான் தப்பு," என்றான் லோரன்ஸ். பொருளுக்கென்று இருந்த உருபுகளை எடுத்துவிட்டான். இனி ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே உருபு. வசனத்தைத் திரும்பப் பாடமாக்க வேண்டியிருக்கிறதே என்று டொரதி சலித்துக்கொண்டாள். கிஷான் தானாகவே போய் சுகிர்தாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் பரவாயில்லை என்றாளாம்.

சுகிர்தா இல்லாமலே நாடகம் நன்றாக நடந்தது. ஃபாதர் மேடையேறி அந்தப் பாஷையைப் புகழ்ந்தார். கைதட்டல் அடங்கும்வரை லோரன்ஸ் திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். வெளியே வரக் கூச்சமாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் கண்டி பஸ் ஸ்டாண்டில் சுகிர்தாவைக் கண்டான். ஊருக்குப் போக நின்றிருந்தாள்.

"நாடகம் நல்லா இருந்துச்சாமே?" என்றாள்.

"ம்," என்றான் அவன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மடுல்கெல்ல பஸ் வந்தது. "வாறேன்ண்ணே," என்று சொல்லி, நெரிசலில் புகுந்து ஏறிக்கொண்டாள்.