ராஜினாமாவுக்கு முப்பத்துநாலு மார்க்

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் மணியக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம். தலைமையாசிரியர் அறைக்குள் டீ எடுத்துப் போனவர் அவர் ஒருவர்தான். பொய் சொல்ல அவருக்கு நேரமும் கிடையாது. முற்றத்தில் தொங்கும் இரண்டு மணிகளையும், சின்ன வகுப்புகளுக்கு ஒன்று, பெரிய வகுப்புகளுக்கு ஒன்று என்று, நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் தன் முதல் ராஜினாமாக் கடிதத்தை ஒரு திங்கட்கிழமை எழுதினார். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.' ஒரே வரி. அதைத் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய்ப் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது. பச்சை மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் நூற்றுக்கு எட்டு. கீழே ஒரு குறிப்பு: 'சொந்தக் காரணம் யாருக்குத்தான் இல்லை? விடை மட்டும் இருக்கிறது. படிகள் எங்கே?'

வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். 'படிகள் எங்கே?' என்று அவரே இருபத்திரண்டு வருடமாக ஊரார் பிள்ளைகளின் நோட்டில் எழுதித் தள்ளியவர். தலைமையாசிரியரின் கையெழுத்துகூட அவருடையதைப் போலவே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே கட்டடத்தில் இத்தனை காலம் கிடந்தால் கையெழுத்தும் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும். மணியக்காவுக்கு வேறு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை. பதினெட்டு வருடமாக மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, டீ போட்டவர். அலுவலக எழுத்தராக உயர வேண்டுமானால் கணக்குத் தேர்வில் முப்பத்தைந்து எடுக்க வேண்டும் என்பது விதி. கேள்வித்தாள் எழுதுவதும் திருத்துவதும் கணக்கு வாத்தியார். மதிய இடைவேளையில், சாப்பிட்ட கை காய்வதற்குள் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். மணியக்கா வருடத்துக்கு ஒன்றாக ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் தோற்றார். ஐந்தாவது தடவை முப்பத்துநாலு.

"ஒரு மார்க் போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றார் மணியக்கா.

"போடலாம்க்கா. ஆனா கருணை மார்க் ஒட்டாது. நாளைக்கு ஏதாவது தப்பு வந்தா, கருணைல பாஸ் பண்ணினவதானேன்னு சொல்லுவாங்க."

"பாஸ் பண்ணாதப்ப மட்டும் மகராணின்னா சொல்றாங்க?"

வாத்தியார் விடைத்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மணியக்காவே இரக்கப்பட்டு, "சரி விடுங்க சார். நீங்களும் தொண்டை கிழியக் கத்தினீங்க. மூஞ்சியப் பாருங்க, நீங்க ஃபெயிலான மாதிரி இருக்கு. டீ போடட்டுமா?" என்றார்.

தோற்றவர் டீ போட, தோற்கடித்தவர் குடித்தார். அந்த டீ வயிற்றுக்குப் போகவேயில்லை. நெஞ்சிலேயே நின்றுவிட்டது. பிறகொரு நாள் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "முக்கால் கிளாஸ் இருக்கும். சர்க்கரை கம்மி" என்றார்.

விட்டுவிட்டு எங்கே போவதாக உத்தேசம் என்றால், டைல்ஸ் ஒட்ட. மனைவியின் தம்பிக்கு அதுதான் தொழில். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கூடமாடப் போய் வந்தார். நூல் கட்டுவார், கலவை குழைப்பார், மட்டம் பார்ப்பார். காலையில் வெறும் சிமெண்டாகக் கிடந்த இடம் சாயங்காலம் தரையாகியிருக்கும். அதன்மேல் நின்று கையைத் துடைத்துக்கொள்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டின டைல்ஸ் திங்கக்கிழமை வந்து, மறந்துட்டேன் சார்னு சொல்றதில்ல" என்றார் மனைவியிடம்.

"எதிர்த்தும் பேசாது. அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மனைவி.

மச்சினன் நேராகவே சொல்லிவிட்டார்: "மாமா, ஆஸ்பத்திரி வேலை வந்திருக்கு. நாலு மாடி, நாப்பது பாத்ரூம். கூட்டாளியா நிக்கிறதுன்னா பள்ளிக்கூடத்த விட்டுட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை வாத்தியார வெச்சுகிட்டு நாலு மாடி ஏற முடியாது. ஒண்ணாந்தேதி காலைல வேன்ல உங்க சீட்டு காலியா இருந்தா வேற ஆளு ஏறிக்குவான்."

"வந்துடறேன் மாப்ள. கடுதாசி குடுத்துட்டேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கினாங்க. திருத்திக் குடுத்துட்டாங்க."

ஒன்றாம் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

இரண்டாவது கடிதத்தில் வாத்தியார் இடுப்பு வலியைக் காரணம் காட்டினார். ஐந்து மார்க். 'இடுப்பு வலிக்காரர் குனிந்து டைல்ஸ் ஒட்டப் போகிறாரா? பொய்க்கு மூன்று குறைப்பு.' டைல்ஸ் விஷயம் அந்த அறைவரை எப்படிப் போனது என்று அவர் விசாரிக்கவில்லை. சுவருக்குக் காது உண்டு. பழைய பள்ளிக்கூடங்களில் மேசைக்கும் உண்டு.

மூன்றாவது ஒன்பது பக்கம். பிள்ளைகள் படிப்பதில்லை, பெற்றோர் கேட்பதில்லை, பாடப்புத்தகம் சரியில்லை, கரும்பலகை எழுத்தைப் பிடிப்பதில்லை. ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை, பேனாவுக்கே கூச்சமாகிவிட்டது. பத்தொன்பது மார்க். 'கணக்கில் கொடுத்ததையே விடையாக எழுதக் கூடாது.'

அன்று வீட்டில் அவர் மறுபடி தாளை எடுத்ததும் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினதே நாலு வரி. அதுலயும் ரெண்டு வரி விலாசம். அந்த ஆளுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுறீங்களே, என்னங்க சங்கதி?"

"பாஸ் பண்ணணும்" என்றார் வாத்தியார்.

நாலாவது கடிதத்தில் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். இதுவரை தன்னிடம் படித்துத் தோற்றவர்களைக் கூட்டிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூற்று எட்டுப் பேர். அத்தனைக்கும் நானே காரணம் என்று எழுதும்போது கண்ணீர் விழுந்து இரண்டு எழுத்து கரைந்தது. நிச்சயம் தேறிவிடுவோம் என்று தோன்றியது. இருபத்தொன்றுதான். 'ஆயிரத்து முந்நூறு பேரையும் ஒற்றை ஆளாகக் கவிழ்த்தேன் என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு கர்வம் வேண்டும்! பொறுப்பு மொத்தமாக வாங்குகிற சரக்கு அல்ல. ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுக.'

இந்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கிட்டது. மச்சினன் அவரை நம்பி ஒரு குளியலறையை முழுசாக ஒப்படைத்தார். வாத்தியார் உயிரைக் கொடுத்து ஒட்டினார். ரசமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் உள்ளே இருக்கும் குமிழி நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர், வீடு மாறி வந்த விருந்தாளிபோல எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. மூன்று நாள் நின்றது. வீட்டுக்காரர் மீன் விடலாமா என்று யோசித்தார்.

மச்சினன் சிரித்த சிரிப்பில் கலவைச் சட்டி கவிழ்ந்தது. "மாமா, நூத்துக்கு நூறு மட்டம். அதான் தப்பு. ஹாலுக்கு மட்டம் பாக்கணும், பாத்ரூமுக்கு வாட்டம் பாக்கணும். எல்லாத் தரையும் ஒண்ணு போல ஒட்டினா தண்ணி எங்க போகும்?"

"இப்ப என்ன மாப்ள பண்றது?"

"என்ன பண்றது? பேத்துட்டு ஒட்டுங்க."

"அவ்வளவுதானா? திட்டலையா?"

"திட்டினா வாட்டம் வந்துடுமா? நான் மொதல்ல ஒட்டினப்போ தண்ணி நேரா படுக்கையறைக்குப் போச்சு. எங்க மேஸ்திரி படகு வாங்கிக் குடுத்தாரு."

வாத்தியார் உளியை எடுத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். இரண்டு நாள் லீவு பிடித்தது. வாசல் பக்கம் ஏற்றி, வடிகால் பக்கம் இறக்கி மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை தண்ணீர் வீடு தெரிந்த மாடு மாதிரி நேராகப் போனது. முதுகு முறிந்துவிட்டது. ஆனாலும் அன்று அவர் சாப்பிட்டதைப் பார்த்து மனைவி இரண்டாவது தடவை உலை வைத்தார்.

ஐந்தாவது கடிதத்தை நிறுத்தாமல் எழுதினார். 'புரியாதவரிடம் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வதைத்தான் இருபத்திரண்டு வருடமாக முயற்சி என்று நினைத்திருந்தேன். எல்லாத் தரைக்கும் ஒரே மட்டம் பார்த்தேன். தப்பாக ஒட்டியதை மறுநாளே பெயர்த்து எடுத்துச் சரிசெய்ய முடிகிற வேலை ஒன்று எனக்கு வேண்டும். பிள்ளைகளைப் பெயர்த்து எடுக்க முடியாது.'

முப்பத்துநாலு.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம், பிள்ளைகள் போனபிறகு, வாத்தியார் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, எதிரே ஒரு மர நாற்காலி, பத்து நிமிடம் பின்தங்கியே பழகிவிட்ட ஒரு கடிகாரம். மணியக்கா கதவில் தலையை நீட்டினார்.

"எத்தனை டீ சார்?"

"ஒண்ணு போதும்க்கா."

அவர் போனதும் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஒரு மார்க்தான் சார்."

"எனக்கும் எண்ணத் தெரியும்" என்றார் தலைமையாசிரியர்.

"கருணையா போடுங்க. வேன் கெளம்பிடும்."

"கருணை மார்க் ஒட்டாதுன்னு யாரோ சொன்னதா ஞாபகம்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "களைச்சுப் போயிட்டேன் சார்."

"நான் மட்டும் என்ன?" தலைமையாசிரியரும் இடுப்பைத் தடவிக்கொண்டார். "களைப்புக்கு மார்க் இருந்தா இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் மொதல் ரேங்க்."

"பின்ன எதுல கொறஞ்சுது?"

"ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தேன். பேத்து எடுக்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. எதையாவது பேத்துப் பாத்தீங்களா?"

டீ வந்தது. ஆறியது. மேலே ஆடை படிந்தது. வாத்தியார் எழுந்து அலமாரியைத் திறந்து, மணியக்காவின் விடைத்தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பதினோராவது கேள்வி. இரண்டு மார்க். விடை என்று 'ஒன்றரை மணி நேரம்' மட்டும் எழுதியிருந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு பூஜ்யம். பக்கத்தில், 'படிகள் எங்கே?'

முற்றத்தில் மணியக்கா பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பதினொண்ணாவது கேள்விக்கு விடை எப்படி வந்துச்சு?"

"அது என்ன கேள்வி?"

"ரெண்டு மணி தொங்குது. ஒண்ணு முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவ அடிக்குது. இன்னொண்ணு நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. ரெண்டும் சேந்து அடிச்சா, மறுபடி எப்ப சேந்து அடிக்கும்?"

மணியக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "வெயில்ல கியில்ல சுத்தினீங்களா? சின்னப் பசங்களுக்கு அரைமணி பீரியட். பெரிய பசங்களுக்கு முக்கால் மணி. ஒம்பதுக்கு ரெண்டையும் அடிக்கிறேன். பத்தரைக்கு மறுபடி ரெண்டு கையும் வேணும். பன்னெண்டுக்கு மறுபடி. பதினெட்டு வருஷமா அடிச்சுத் தோள்பட்டை கழண்டு கெடக்கு, எனக்குத் தெரியாதா?"

"படி எழுதலையே?"

"என்னத்த எழுதுறது? நம்ம மணியப் பத்திதானே கேக்குறாரு, இவருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்."

அவருக்கும் தெரிந்ததுதான். அந்த மணிக்கு எழுந்து, அந்த மணிக்கு உட்கார்ந்து, அந்த மணிக்குப் பசித்து இருபத்திரண்டு வருடம். கேள்வித்தாள் எழுத உட்கார்ந்தபோது அந்த எண்கள் எங்கிருந்து கைக்கு வந்தன என்று அவர் யோசித்ததில்லை. மணி அடிப்பவரை உட்காரவைத்து, ஐந்து வருடம், மீச்சிறு பொது மடங்கு என்று கத்தியிருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டார். முதல் பக்கத்தில் முப்பத்துநாலை அடித்து முப்பத்தாறு போட்டார்.

மணியக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "கருணையா சார்?" என்றார்.

"இல்லக்கா. என் தப்பு."

"அப்ப ஃபெயிலானது நான் இல்லயா?"

"இல்ல."

"நான் வீட்டுக்காரர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் எத்தன பேச்சு வாங்கினேன் தெரியுமா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, பாக்க முடியல. அந்த டீ ஆறியிருக்கும். வேற போடட்டுமா?"

ஆறாவது கடிதத்தில் ஐந்தாவது கடிதம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. 'ஆயிரத்து முந்நூற்று எட்டில் ஒன்றைப் பெயர்த்துச் சரிசெய்தேன்; மீதியில் எத்தனை இப்படி என்று எனக்குத் தெரியாது.' மறுநாள் கடிதம் பச்சை மையோடு திரும்பி வந்தது. முப்பத்தாறு. ஏற்கப்பட்டது.

ஒன்றாம் தேதி காலை வேனில் அவருடைய இருக்கை காலியாக இல்லை. மடியில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, ஆஸ்பத்திரி வரும்வரை அவர் தூங்கினார். வண்டி குலுங்கியபோதெல்லாம் நெஞ்சில் டீ தளும்பியது. தளும்பத் தளும்பக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதாம்.

அதே காலையில் மணியக்கா எழுத்தர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் வேலையாக அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். பத்தரைக்கு எழுந்து போய் இரண்டு மணியையும் அடித்துவிட்டு வந்தார். வேறு ஆள் இன்னும் போடவில்லை.

அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி பதினோரு வருடமாகக் காலி. பொறுப்பு பார்த்துவந்தவர் கணக்கு வாத்தியார்தான்.