அம்மனுக்கு வெர்ஷன் இரண்டு

1

இந்தக் கதை ராசா என்னும் சிற்றூரின் சாப்பாட்டுக் கடையில், ஒரு சாயங்காலம், தனுஜாவின் ஆறிப்போன தோசையிலிருந்து பிறந்தது. தோசை அவளுடையது. கதையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். (பிறகு தோசையையும்.)

முதல் தொடக்கம்: ‘ரப்பர் தோட்டத்தின் மேல் மழை சோவென்று...’

வேண்டாம். வானிலையைப் பற்றி நான் எதுவும் முடிவெடுக்காவிட்டால் என் கதைகளில் மழை தானாகப் பெய்துவிடும். மென்பொருள்காரர்கள் இதை டிஃபால்ட் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் ‘தே’ (தேநீர்) என்று மட்டும் கேட்டால் பால் ஊற்றி வரும். பால் வேண்டாதவர் ‘தே ஓ’ என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு வந்து சேர்வது டிஃபால்ட்.

2

தனுஜா புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறாள். சின்னக் கோவில்களுக்கு ஒரு பெட்டி செய்து விற்கிறாள். காலையில் அந்தப் பெட்டி ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டைத் தானே போடும். எத்தனை மணிக்கு என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் செட்டிங் ஃபைலில் எழுதலாம். எழுதாவிட்டால் ஐந்தரை.

புதிய தாமான்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில், உள்ள கோவில்களில் இது வம்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மனோடு சண்டை போட முடியாமல் தனுஜாவிடம் வந்தார்கள். ஐந்தரையை ஆறரையாக்க முடிவு செய்தாள். ஒரே வரி வேலை.

“அப்ப மாத்திட வேண்டியதுதானே?” என்றேன், தேயைக் கலக்கியபடி.

“அங்கிள், தோட்டத்துக் கோயில்ல எல்லாம் ஃபைல் காலியா இருக்கு. அஞ்சர அவங்களுக்குச் சரியா இருந்துச்சு, அதான் யாரும் எழுதல. நான் மாத்துனா அவங்களுக்கும் மாறிடும். அவங்க ஒன்னுமே கேக்கல லா.”

குறை சொல்லாதவன் தலையில்தான் எப்போதும் மாற்றம் வந்து விழுகிறது என்று ஒரு தத்துவம் உதிர்க்க வாயெடுத்தேன். அவள் சட்னி கேட்டாள்.

3

இப்போது கதைக்கு ஓர் ஆள் வேண்டும். கண்மணி. கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோவிலை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறாள். புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை. ஆறு மணிக்கு கம்பெனி பஸ். ஏற்கனவே பஸ்ஸைத் தவறவிட்டுக் கடைசி எச்சரிக்கை வாங்கியவள். இன்னொரு முறை தவறினால் வேலை போய்விடும். தினமும் அம்மன் பாட்டில்தான் கண் விழிக்கிறாள்.

(இவள்மேல் எனக்குச் சந்தேகம். இந்தக் காலத்தில் கைப்பேசியில் அலாரம் வைக்காதவள் உண்டா? அவளையே கேட்டேன்.

“அவ்ளோ பெரிய ஸ்பீக்கர் தலமாட்டுல கத்துது. அதுக்கு மேல ஒரு அலாரமா? ஏன்ணே, என் வேலைய வெச்சுத்தான் உங்களுக்குக் கதை வேணுமா?”

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.)

இன்னொன்று. கண்மணியை நான் உண்டாக்கியதால் தனுஜாவுக்கு அவளைத் தெரியாது. ஆகவே போன் போட்டு எழுப்பிவிடவும் முடியாது. கதையிலிருந்த ஓட்டையை அடைத்தாயிற்று.

4

தனுஜா கெட்டிக்காரி. அவள் எழுதிய புதிய மென்பொருள், வெர்ஷன் இரண்டு, ஒரு பழைய பெட்டிக்குள் நுழைந்ததும் முதலில் ஃபைலைப் பார்க்கும். நேரம் காலியாக இருந்தால் அங்கே ‘ஐந்தரை’ என்று எழுதிவைக்கும். அதற்குப் பிறகுதான் டிஃபால்ட் ஆறரையாகும். பழைய கோவிலுக்குப் பழைய நேரம், புதிய கோவிலுக்குப் புதிய நேரம். எந்தத் தோட்டமும் எதையும் உணரவில்லை. கண்மணி பஸ் பிடித்தாள். சுபம்.

(சுபத்தை எந்தப் பத்திரிகை வாங்கும்?)

சில வாரம் கழித்து, அதே கடையில், தோசை வந்த நேரம் தனுஜாவின் போன் அடித்தது. சிவானந்தம், கண்மணி தோட்டத்துக் கோவில் தலைவர். அவர் பேசினால் பக்கத்து மேசைக்கும் கேட்கும்.

“தனுஜாமா, மத்தியானம் இடி விழுந்து பொட்டி கருகிப்போச்சு. ஸ்பேர் பொட்டி குடுத்திருந்தியே, நானே மாட்டிட்டேன் லா! பச்ச லைட் எரியுது.”

(மழை வேண்டாம் என்றேன். இடி வந்துவிட்டது.)

“அண்ணே, டைம் எழுதுனீங்களா?”

“எதுக்கு? முன்னயும் எழுதலயே,” என்று பெருமையோடு வைத்துவிட்டார்.

தனுஜா எழுந்துவிட்டாள். கருகிய பெட்டியோடு அதன் ஃபைலும் போயிற்று. ஸ்பேர் பெட்டியில் இருப்பது வெர்ஷன் இரண்டு. அதற்கு இது இன்றைக்குப் பிறந்த கோவில். ஆறரைக்குத்தான் பாடும். திரும்பக் கூப்பிட்டாள். சிவானந்தத்தின் போன் அணைந்திருந்தது.

“கோயில் பூட்டுறதுக்குள்ள போயிடணும் அங்கிள்!” கார் சாவியோடு ஓடினாள்.

5

முடிவு ஒன்று: கதவு திறந்திருக்கிறது. தனுஜா ஒரே ஒரு வரி எழுதுகிறாள்.

முடிவு இரண்டு: பூட்டியிருக்கிறது. சாவி சிவானந்தத்திடம், சிவானந்தம் ரவாங்கில் ஒரு கல்யாண...

முடிவு மூன்று: ஐந்தரைக்குப் பாட்டு வராத அமைதியில் கண்மணி திடுக்கிட்டு... (இதை நானே நம்பமாட்டேன்.)

மறுநாள் தனுஜாவைக் கேட்டிருக்கலாம். கதவு திறந்திருந்ததா என்பது அவளுக்குத் தெரியும். கண்மணி எழுந்தாளா என்பது தெரியாது. அவள் இருப்பது உங்களிடமும் என்னிடமும்தான்.

எனக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது, அதுதான் பயம். தோட்டத்துப் பெண் கதைக்குள் வந்தால் கடைசி வரியில் தோற்றுப்போவாள் என்று எழுதி எழுதி உங்களுக்குள் பதித்து வைத்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். உங்கள் ஃபைலில் அது எழுதப்பட்டிருக்காது. எழுதாமலே ஓடும்.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். தயவுசெய்து காலியாக விடாதீர்கள். விட்டால் பழையதே ஓடும், அவளுக்கு வேலை போய்விடும்.

காலை ஆறு மணிக்குக் கண்மணி = ____________