ஷஃபீனா சொன்னதும் நான் சொன்னதும்

என்னை நம்பாட்டிப் போங்க. பட்டப்பகல்ல, அடுப்பில சோறு கொதிக்கிற நேரத்தில, வெங்காய அறைக் கதவை உள்ளுக்கிருந்து மூணு தரம் தட்டுற சத்தம் கேக்குது. திறந்து பார்த்தா கற்பிட்டி வெங்காயம் கட்டுக்கட்டாத் தொங்குது, வேற ஒண்டுமில்ல. பூட்டிட்டு வந்தா திரும்பவும் தட்டுது. ஒரு வருஷமா இதே பாடு.

நான் நிஸ்மியா. இந்தப் பொம்புளப் புள்ளைகள்ட இல்லத்தில சமைக்கிறன். முந்தல் ஊரில சிங்களச் சனத்தோட வளந்ததால சிங்களம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அந்த வாய்தான் என்னைக் கெடுத்திச்சு.

போன வருஷம் கொழும்பில இருந்து ஒரு சிங்களப் பொம்புள, பெரிய நோனா ஒராள் வந்தா. ஆருக்கும் கட்டுப்படாத கண்காணிப்புக் குழுவாம், புள்ளைகள்ட வாயாலயே குறை கேக்க வந்தவங்களாம். கேக்கிறவங்க சொல்லாமக் கொள்ளாமல்ல வரணும்! இவங்க பத்து நாளைக்கு முந்தியே கடிதம் போட்டாங்க. செவரெல்லாம் வெள்ளையடிச்சாச்சு. நோனாவுக்குத் தமிழ் தெரியா. "எங்கட நிஸ்மியா சிங்களத்தில சொல்லிக் குடுப்பா" எண்டாங்க மேட்ரன் ஸுஹைரா; அவங்களுக்குச் சிங்களம் விளங்கும், கதைக்க வராது. நோனாவும் சரியெண்டுட்டா. பாருங்க கூத்த.

ஷஃபீனா வந்து கதிரையில இருந்தா. பன்னெண்டு வயசு, மூச்சிழுப்பு வருத்தக்காரி. கண்ணெல்லாம் செவந்து வீங்கியிருந்திச்சு.

"மாமி, என்னை வெங்காய அறையில போட்டுப் பூட்டுறாங்க. மூச்சு முட்டுது. கதவத் தட்டினாலும் திறக்கிறாங்க இல்ல. அவக்கிட்டச் சொல்லுங்க."

மேட்ரன் வாசல்ல நிண்டாங்க. என்ட புருஷன் கடலோட போன பொறகு இந்தக் குசினிதான் எனக்கு வேலையும் வீடும். பயந்துட்டன். "வெங்காயம் உரிச்சுக் கண் எரியுதாம், வேற குறையில்லையாம்" எண்டு சிங்களத்தில சொன்னன். நோனா சிரிச்சுக்கொண்டு எழுதினா. நான் சொல்லிட்டன் எண்டு நம்பி ஷஃபீனாவும் சிரிச்சா. அந்தச் சிரிப்பத்தான் இன்னும் எனக்குத் தாங்க ஏலாம இருக்கு.

ரெண்டு கிழமையால அந்த வெங்காய அறையிலயே மூச்சடங்கி மவுத்தாகிட்டா. சந்தையால வந்து கதவத் திறந்தது நானேதான். அவட நகத்துக்குள்ள கதவுப் பெயின்ட் இருந்திச்சு. இழுப்பு எண்டு எழுதி முடிச்சிட்டாங்க.

இண்டைக்கு அதே நோனா திரும்ப வந்தா. ஃபைலப் புரட்டிட்டு, "வெங்காயம் உரிச்ச அந்தப் புள்ள எங்க?" எண்டு கேட்டா.

"இழுப்பு வந்து மவுத்தாகிட்டாண்டு சொல்லுங்க" எண்டாங்க வாசல்ல நிண்ட மேட்ரன். சொன்னன். நோனா உச்சுக்கொட்டிட்டு அடுத்த புள்ளயக் கூப்பிட்டா.

றைஸா வந்தா. ஒம்பது வயசு. சந்தோஷமா இருக்கிறியா எண்டு கேக்கச் சொன்னா நோனா, கேட்டன். புள்ள மேட்ரன்ட முகத்தப் பார்த்திட்டு, "ஓம், சந்தோஷம்" எண்டிச்சு. அதுட கண்ணும் செவந்திருந்திச்சு.

அப்பத்தான் தட்டிச்சு. மூணு தரம். ஆரும் திரும்பிப் பார்க்கல்ல, எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு.

யா அல்லாஹ்! வாயத் திறந்தா றைஸா சொன்னது வரல்ல. "என்னை வெங்காய அறையில போட்டுப் பூட்டுறாங்க. மூச்சு முட்டுது. கதவத் தட்டினாலும் திறக்கிறாங்க இல்ல." சிங்களத்தில, ஒரு சொல்லும் விடாமச் சொன்னன்.

நோனாட பேனை நிண்டிச்சு. "இந்தப் புள்ள ரெண்டு சொல்லுத்தானே சொன்னா?"

"இது ஷஃபீனா சொன்னது நோனா. போன வருஷம், இதே கதிரையில. நான்தான் மாத்திச் சொல்லிட்டன்."

"நிஸ்மியா! உங்களுக்குப் பைத்தியமா?" எண்டு கத்திக்கொண்டு மேட்ரன் உள்ளுக்கு வந்தாங்க. நோனா எழும்பி, அவங்கள வெளிய போகச் சொல்லிக் கதவச் சாத்தினா.

நாங்க கதைச்சதில றைஸாவுக்கு விளங்கினது ஷஃபீனாட பேர் மட்டும்தான். என்ட சாரித் தலப்பப் புடிச்சு இழுத்தா.

"மாமி, நேத்து என்னையும் பூட்டினாங்க. ஷஃபீனா ராத்தா அப்பவே சொன்னா, ஏதும் எண்டா மாமிக்கிட்டச் சொல்லு, மாமி சரியாச் சொல்லிக் குடுப்பாங்க எண்டு."