வாளிகள் முழங்கும்போது

விலா எலும்பில் துப்பாக்கி முனை அழுந்தியபோது, அர்ச்சுனன் மைக்கில் கதாநாயகனுடைய அம்மாவாக அழுதுகொண்டிருந்தான்.

அழுகையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

"நல்லா அழுவுறீங்கண்ணே," என்றான் மாயாண்டி. பக்கத்தில் ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கை தோள் துண்டுக்குள் இருந்தது. "அப்படியே பேசிக்கிட்டு இருங்க. எங்கிட்ட பேசணும்னா மைக்க மூடிக்கிட்டுப் பேசுங்க."

அர்ச்சுனன் அரசாங்கத்தின் படம் காட்டும் வேனில் வேலை செய்பவன். மந்தினிலிருந்து கோலா கிளாவாங் வரை மலையடிவார ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் அந்த வேன் போகும். முதலில், காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் காட்டுக்காரர்களுக்குச் சோறு போடாதே என்று ஓர் அறிவிப்புப் படம். பிறகு இங்கிலீஷ் குத்துச்சண்டைப் படம். இங்கிலீஷ் யாருக்கும் புரியாது. அர்ச்சுனன்தான் தமிழில் அழுவான், சிரிப்பான், சவால் விடுவான். டிரைவர் ஹமீது படச்சுருளை மாட்டிவிட்டு முன் சீட்டில் தூங்கப் போய்விடுவார்.

இந்தத் தோட்டத்துக்கு அதே படம் நான்காம் முறை வருகிறது. மாயாண்டிக்கு அதில் ஒவ்வொரு குத்தும் மனப்பாடம். வேன் வந்ததும் முதல் ஆளாக வந்து வம்பு வளர்ப்பான்.

"சைக்கிள் பந்தயப் படந்தான்டா ஒசத்தி. என்ன வேகம்," என்பான் அர்ச்சுனன்.

"போங்கண்ணே. அதுல யாரு அடி வாங்குறான்? ஜெயிக்கிறவன் மொதல்ல நல்லா வாங்கணும். அவன் வாயில ஒழுகுற ரத்தம் என் வாயில உப்புக் கரிக்கணும். அதான் லா படம்."

"அப்ப பந்து வெளையாட்டுப் படம்?"

"பதினோரு பேரு ஓடுறான். நான் யாருக்குன்னு அழுவுறது?"

அந்த மாயாண்டிதான் இப்போது துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான்.

அவர்களுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், நாற்காலியில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியின் முதுகு தெரிந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் பின்னால் பேசுவது எதுவும் அவர் காதில் விழாது. காட்டுக்காரர்கள் மிரட்டியதிலிருந்து அவர் எங்கே போனாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இன்று வேன்தான் சுவர்.

"தங்கராஜு செத்ததுக்கு இந்த ஆளுதான் காரணம்," என்றான் மாயாண்டி. தங்கராஜு அவன் தம்பி. "டின்னுல காட்டுக்காரங்களுக்குச் சோறு கொண்டு போறான்னு பட்டாளத்துக்கிட்ட சொன்னான். அது அவன் மத்தியானத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனதுண்ணே. காட்டுப்பன்னிய கட்டுற மாதிரி கம்புல கட்டித் தூக்கிட்டு வந்தானுங்க. வாயில பருக்கை ஒட்டியிருந்துச்சு."

அர்ச்சுனன் மைக்கை மூடினான். "துப்பாக்கி ஏது?"

"காட்டுல கொடுத்தாங்க."

"மாட்டினா தூக்குடா."

"தெரியும்."

"நீ மட்டுமில்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கங்காணிய சுட்டாங்க. விடிஞ்சதும் பட்டாளம் ஆளுங்க குடியிருந்த லயத்தையே கொளுத்திருச்சு. லெட்சுமியும் பிள்ளைங்களும் எங்கடா போவாங்க?"

மனைவி பெயரைக் கேட்டதும் மாயாண்டி துப்பாக்கியை இன்னும் ஆழமாக அழுத்தினான்.

"படத்துல அவன் விழுந்து எழுந்திரிப்பான்ல? அப்ப வாளிச் சத்தத்துல பீரங்கி வெடிச்சாலும் கேக்காது. அதுவரைக்கும் பேசுங்க. வேற ஏதாச்சும் பேசினா மொதல் குண்டு ஒங்களுக்கு."

அது இந்தத் தோட்டத்து வழக்கம். எல்லோரும் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் படம் பார்ப்பார்கள். கதாநாயகன் எழுந்து நின்றதும் அத்தனை பேரும் எழுந்து, பால்வெட்டும் கத்தியின் பிடியால் வாளியை அடிப்பார்கள். கம்பிவேலிக் காவலுக்கு நிற்கும் கான்ஸ்டபிளே காதைப் பொத்திக்கொள்வான்.

திரையில் வில்லன் குத்தினான். கதாநாயகனின் புருவம் கிழிந்தது. இன்னொரு குத்து. விழுந்தான்.

"ஒன்று," என்றான் அர்ச்சுனன் மைக்கில். "இரண்டு."

துண்டு அசைந்தது. குழல் விலாவை விட்டு விலகி நல்லசாமியின் முதுகைப் பார்த்தது.

அர்ச்சுனன் மாயாண்டியின் முகத்தைப் பார்த்தான். கண் மண்டோர் மேல் இருந்தது. ஆனால் உதடு அசைந்தது. மூன்று. நான்கு.

அர்ச்சுனன் எண்ணுவதை நிறுத்தினான். கூட்டம் தானாக எண்ணியது. ஐந்து. ஆறு. மாயாண்டியும் சத்தமாக எண்ணினான். ஏழில் அவன் கண் திரைக்குப் போய்விட்டது.

ஒன்பதில் கதாநாயகன் முழங்காலை ஊன்றி எழுந்தான்.

தோட்டமே எழுந்து நின்றது. நூறு வாளிகள் இடி இடித்தன. உட்கார்ந்தபடியே மாயாண்டியின் இரண்டு கைகளும் வாளியின் பக்கங்களில் இறங்கின. துப்பாக்கி மடியில் கிடந்தது.

இரும்பு மைக்கைத் தலைகீழாகப் பிடித்து அர்ச்சுனன் அவன் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. மாயாண்டி இடது கையால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். நெற்றியால் முட்டினான். அர்ச்சுனனின் மூக்கு உடைந்து வாய் உப்புக் கரித்தது. இருவரும் படம் ஓடும் வெளிச்சத்துக்குள் எழுந்தார்கள். திரையில் இரண்டு கறுப்பு நிழல்கள் வளர்ந்து, குத்துச்சண்டைக்காரர்களை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டன.

கூட்டம் இன்னும் வேகமாக வாளி அடித்தது.

அர்ச்சுனன் மைக்கால் தாடையில் அடித்தான். பல் தெறித்தது. மாயாண்டி முறிந்த கையை அவன் கழுத்தில் வளைத்து இறுக்கினான். "விடுடா, விடு," என்று அர்ச்சுனன் திணறியதும், முனகியதும், மூச்சிரைத்ததும் தோட்டம் முழுக்கக் கேட்டது. அர்ச்சுனன் துப்பாக்கிக் கையை உள்பக்கமாக முறுக்கினான்.

வெடித்தது. வயிற்றோடு அழுந்திய அந்தச் சத்தத்தை வாளிகள் விழுங்கிவிட்டன.

மாயாண்டி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து சரிந்தான். விரல்களுக்கு நடுவே கறுப்பாகக் கொப்பளித்தது.

"இது... இது நான் நெனைக்கலடா," என்றான் அர்ச்சுனன்.

"லெட்சுமிக்குத் தெரிய வேணாம்," என்றான் மாயாண்டி. "துப்பாக்கிய... எடுத்துருங்க. லயம்..."

திரை வெளுத்தது. வாளிகள் ஓய்ந்தன. நல்லசாமி திரும்பாமலே கையைத் தட்டினார்.

"அர்ச்சுனா, இன்னிக்கி மாதிரி நீ பேசினதே இல்ல லா. நெஜமாவே அடி வாங்குன மாதிரி இருந்துச்சு. அந்தச் சண்டைய இன்னொரு தடவ போடு."

அதுவும் வழக்கம்தான். கூட்டம் ஒப்புதலாக வாளியைத் தட்டியது. விழித்து வந்த ஹமீது கீழே கிடந்தவனைப் பார்த்தார். பிறகு அர்ச்சுனனின் முகத்தைப் பார்த்தார். சுருளைத் திருப்பிச் சுற்றினார். அர்ச்சுனன் துப்பாக்கியை இடுப்பில் செருகி, மாயாண்டியை அக்குளில் பிடித்து வேனுக்கு அடியில் இழுத்தான். உயிர் இன்னும் இருந்தது. யாரும் பார்க்காமல் வேனில் ஏற்றிக் கம்பிவேலிக்கு வெளியே கொண்டுபோக இந்த ஒரு சண்டை நேரம்தான் இருக்கிறது.

திரையில் கதாநாயகன் மறுபடியும் விழுந்தான். அர்ச்சுனன் இரத்தம் வழுக்கும் மைக்கைப் பிடித்து எண்ணினான். அவன் காலை மாயாண்டியின் விரல்கள் பற்றியிருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பிடி தளர்ந்தது. எட்டில் விட்டுவிட்டது.

"ஒன்பது," என்றது கூட்டம்.

"எழுந்திரிச்சிட்டான்," என்றான் அர்ச்சுனன்.

வாளிகள் முழங்கின. அவனும் ஹமீதும் உடலை வேனுக்குள் ஏற்றினார்கள்.