பாதி கட்டினால் போதும்

ரஃபத் ஜஹான் அக்கா தன் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஆம்பூரில் யாரும் சுலபமாக வீடு தர மாட்டார்கள். அவர் எனக்குத் தருவதாகச் சொன்னார். முப்பதாயிரம் அட்வான்ஸ், ஜூன் ஒன்றாம் தேதிக்குள்.

"ஜாஸ்தி கேக்கலம்மா. கம்பெனி லேப்ல இருக்க, உனக்கு லோன் குடுக்க மாட்டானா?" என்றார். பிறகு, "அலமாரி எந்தப் பக்கம் வெக்கட்டும்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இடப்பக்கம் என்றேன்.

அம்மா இறந்தபின் நான் ஒரு ஹாஸ்டல் அறையில் ஏழு பேருடன் இருந்தேன். அவர்களில் இருவருக்குத்தான் என் பெயர் தெரியும்.

2009 மார்ச்சில் வங்கிக்குப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சிபில்ல, கடன் பாக்கி லிஸ்ட்ல, உங்க பேர் இருக்கே மேடம். வேலூர்ல ஒரு பேங்க்ல பாக்கி," என்றார்.

"நான் கடனே வாங்கினதில்ல சார்."

"பழைய சேலரி அக்கவுண்ட் எதாவது?"

இருந்தது. மூன்று வருடம் முன்பு எங்கள் தோல் கம்பெனி வேறு பெயருக்கு மாறியது. புது வங்கியில் புதுக் கணக்கு கொடுத்தார்கள். பழைய அடையாள அட்டை, லாக்கர் சாவி, வெள்ளைக் கோட்டு எல்லாவற்றையும் டைம் ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கூடவே பழைய ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிட்டோம். கம்பெனி கொடுத்தது கம்பெனிக்கே போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். டைம் ஆபீஸ் எலியாஸ் அண்ணன் கார்டுகளை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, ரிஜிஸ்டரில் எங்களிடம் கையெழுத்தும் வாங்கினார். கணக்கு அதோடு முடிந்தது என்று நம்பினேன்.

முடியவில்லை. சம்பளம் நின்றதும் அது சாதாரணக் கணக்காகிவிட்டது. அதில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அபராதம் பிடித்தார்கள். பணம் தீர்ந்த பிறகும் பிடித்தார்கள். கடிதங்களெல்லாம் பழைய கம்பெனி பெயருக்குப் போயிருக்கின்றன. காலிக் குடுவையிலிருந்து ஊற்றியதாக யாராவது எழுதினால், எங்கள் லேபில் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவோம்.

வேலூர் வங்கிக்குப் போன் செய்தேன். வசூல் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார்.

"நாலாயிரத்து அறுநூறு மேடம். பரவால்ல, நீங்க பாதி கட்டினா போதும். முடிச்சிக்கலாம்."

எனக்குப் பேரம் பேச வராது. கேட்காமலே பாதி குறைத்தது பெரிய உதவியாகத் தெரிந்தது. இரண்டு முறை நன்றி சொன்னேன். சனிக்கிழமை பஸ்ஸில் போய்க் கட்டினேன்.

மே மாதம் மறுபடி ஆம்பூர் வங்கியில் உட்கார்ந்தேன். அதே அதிகாரி திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாதிதான் கட்டியிருக்கீங்க."

"அவங்கதான் போதும்னாங்க சார்."

"அவங்களுக்குப் போதும் மேடம். ஆனா முழுசா கட்டாதவங்கன்னு பதிவாயிடுச்சு. இத நான் மேல அனுப்பினா திருப்பிடுவாங்க."

மறுநாள் லீவு போட்டு மீதிப் பாதியுடன் வேலூருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கணக்கே இப்ப இல்லம்மா, பாதி கட்டினதும் மூடிட்டாங்க. எதுல வரவு வெக்கறது?"

"நான் கட்றேன்னுதான சார் சொல்றேன்."

"வாங்க முடியாதும்மா."

"காசு இல்லாதப்ப எடுக்க முடிஞ்சுதே சார்." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அது சிஸ்டம் தானா எடுக்கறது."

பின்னால் நின்றவர், "இன்னாம்மா, காசு வாங்க மாட்றாரா? எங்கிட்ட குடு, நான் வாங்கிக்கறேன்," என்றார். வரிசை சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன். பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் ரஃபத் அக்கா வீட்டுக்குப் போனேன். லோன் கிடைக்கவில்லை என்றேன்.

"அண்ணன், சித்தப்பா யாராச்சும் குடுப்பாங்களா?"

"யாரும் இல்லக்கா."

"சிமெண்ட் கடைக்காரன் தெனம் வந்து பேஜார் பண்றான்," என்றார். "புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் கேட்டுட்டுப் போனாங்க. ஒனக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்ப கூப்பிடட்டுமாம்மா?"

"கூப்பிடுங்கக்கா."

அவர்கள் போன் எண் எழுதிய துண்டுக் காகிதத்தை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியவில்லை. காகிதத்தையும் போனையும் என்னிடமே நீட்டினார். நான் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து, "யாரு?" என்றாள்.

போனை அக்காவிடம் கொடுத்தேன்.