பிடி அரிசிக் காவல்

"ராத்திரிக் காவலுக்கு வர்ற மாமாங்க எதுக்கும்மா நம்ம அரிசிய எடுத்துட்டுப் போறாங்க?" என்று ரெட்னோவிடம் மகன் ஆஜி ஒருமுறை கேட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது.

யோக்யகர்த்தாவின் அந்தச் சந்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு டப்பா தொங்கும். மாலையில் அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைப்பார்கள். முறைக்காவல் சுற்றும் அண்டைவீட்டார் அதை எடுத்துப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள்.

"அவங்க தூங்காம சுத்துனாங்கன்னு நமக்குத் தெரிய வேணாமா?" என்றாள் ரெட்னோ. குற்றவியல் படித்தவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அதே வருடம் அவள் டெங்குக் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். டப்பா காலியாக இருந்ததைப் பார்த்து, காவல் சுற்ற வந்த எதிர்வீட்டு வகிமான் கதவைத் தட்டினார், உடைத்தார், அவளைத் தன் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். "கதவுக்கு மட்டும் காசு கேட்டுடாதீங்கம்மா" என்று பிறகு சிரித்தார்.

ரெட்னோ பெரிய ஆளானாள். பல நாட்டு அரசுகள் அவளிடம் பாதுகாப்புக்கு யோசனை கேட்டன. சொந்த நாட்டு அமைச்சகத்துக்கு எழுதிய திட்டத்தில், முறைக்காவலை நிறுத்திக் கேமரா வைக்கச் சொன்னாள். அரிசி எடுப்பதால் திருட்டு குறைவதில்லை என்றும் ஒரு வரி எழுதினாள். அது உண்மைதான். முதலில் அவள் சந்திலேயே செய்து பார்த்தார்கள். திருட்டு நின்றது. டப்பாக்களும் போயின.

இந்த மழைக்காலத்தில் வகிமான் வீட்டுக்குள் விழுந்து இறந்துபோனார். நாற்றம் வந்தபிறகுதான் தெரிந்தது. ரெட்னோ கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். மூடிய கதவு, மழை, மறுபடி அதே கதவு.

வகிமானின் ஜனாஸாப் பெட்டியைத் தூக்குமுன் இமாம் வழக்கம்போல், "இவருக்குக் கடன் ஏதும் உண்டா? சொந்தத்துல யாரு பொறுப்பேத்துக்குறீங்க?" என்று கேட்டார். சொந்தமென்று யாரும் இல்லை.

"பணக் கடன் இல்லீங்க" என்றார் பழக்கடைக்காரர். "போன ரமலான்ல உடம்பு முடியாம சில நோன்பு விட்டுட்டாரு. வெச்சு அடைக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு."

"அவருக்காக வேற யாராவது நோன்பு வெச்சும் அடைக்கலாம்" என்றார் இமாம். தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாடு முழுவதற்கும் அந்தத் திட்டம் கையெழுத்தாகும் நாளில் ரெட்னோ ஜகார்த்தாவுக்கு ரயிலேறினாள்.

"நிறுத்துங்க ஐயா. நான் எழுதுனது தப்பு. எங்க எதிர்வீட்டுப் பெரியவர் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியல."

அமைச்சகச் செயலாளர் ருடியாந்தோ சிரித்தார். "டாக்டரம்மா, உங்க சந்துல இப்ப திருட்டே இல்ல. பெரியவர் மாரடைப்புல போனா அது எந்தக் குற்றக் கணக்குல வரும்?"

"எதுலயும் வராது. அதத்தான் சொல்றேன்."

"மழைக்கு மனசு இப்படித்தான் ஆகும். மொதல்ல காபி குடிங்க."

"இன்னைக்கு வேணாங்க."

"எங்க மேல கோவத்த காபி மேல காட்டாதீங்கம்மா."

கையெழுத்து ஆயிற்று. முதல் பக்கத்திலிருந்து தன் பெயரையாவது எடுக்கச் சொன்னாள். "உங்க பேரு இருந்தாத்தான் மாகாணங்க நம்பும்" என்றார்.

திரும்பும் ரயிலில் அவள் பெட்டியில் ஆளே இல்லை. வெளியே வயல்கள் இருட்டிக்கொண்டு வந்தன. இனி எத்தனை சந்துகள், எத்தனை மூடிய கதவுகள் என்று நினைக்கத் தொடங்கி, முடியாமல் நிறுத்தினாள். ஏதோ ஊரின் மாலைத் தொழுகைக்கான பாங்கொலி ஓடும் ரயிலுக்குள் வந்து தேய்ந்தது. ரெட்னோ கைப்பையிலிருந்து பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்தாள்.

"யா அல்லாஹ், இது வகிமானோட நோன்பு. அவர் கணக்குல ஏத்துக்கோ."

உதடு மட்டும் அசைந்தது. பழத்தைத் தின்று தண்ணீர் குடித்தாள்.