இடப்பக்கத்து உள்பை

அவன் பக்கத்தில் இருந்தால் மோப்பநாய் மூக்கி படுப்பதில்லை. வெளியே போய்விட்டால் சற்று நேரத்தில் படுத்துவிடுகிறாள். இதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

இரண்டு நாள் தடம் பிடித்து அலைந்த நாயை எப்படி ஆற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முதலில் நிழலில் மெல்ல நடத்தி மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். மடமடவென்று குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். விரலிடுக்கில் முள் பார்த்து, பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தொடையை நீவிவிட வேண்டும். எல்லாம் செய்தான். அவளோ நடுங்கும் கால்களோடு அவன் எதிரே வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாக இதே கதை.

ஞாபகம் தப்பி வீட்டைவிட்டுப் போன ஒரு பெரியவரைத் தேடிய வேலை அது. தடம் ஆற்றங்கரையில் அறுந்தது. உடலைப் படகுக்காரர்கள் ஆற்றின் போக்கில் எங்கோ கீழே எடுத்தார்கள். மோப்பத்துக்கென்று அப்பாவின் துண்டைக் கொடுத்த மகளிடம், கூட்டிவந்துவிடுவோம் என்று இவன் சொல்லியிருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாய்களைப் பார்க்கும் மருத்துவர் இவனுடைய சொந்த அக்கா. "உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே தூக்கம் வராதுடா" என்று கேலி செய்தவள், தொடையைத் தொட்டுப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. இன்னைக்கும் படுக்கலன்னா இவள வேற ஆள்கிட்ட விட்டுடுவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்."

ஆறு வருடத் துணை. தன்னை அவள் வெறுத்துவிட்டாள் என்றே அவன் நினைத்தான்.

சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். மூக்கி எழுந்து வந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. சட்டைக்குமேல் போட்டிருந்த கோட்டின் இடப்பக்கத்தில் மூக்கை அழுத்திவிட்டு, எதிரே அசையாமல் உட்கார்ந்தாள்.

அக்கா மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாள். "டேய், தேடுனது கிடைச்சா இவ எப்படிடா சொல்லுவா?"

"உக்காருவா" என்றான்.

உள்பையில் கைவிட்டான். ஓரம் கிழிந்த பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் துண்டு. மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமின்றி, திருப்பிக் கொடுக்காமல் அவன் சுமந்து திரிந்தது. இந்தா, இங்கே இருக்கிறார் என்று மூன்று நாளாக மூக்கி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், யாரும் கேட்கவில்லை.

அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்டுபிடித்ததற்கு அவளுக்குச் சேரவேண்டிய ரப்பர் பந்தைக் கொடுத்தான். பிறகு நேராக அந்த வீட்டுக்குப் போனான். மகள் துண்டை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். "இன்னும் அப்பா வாசம் இருக்கு" என்றாள்.

தேடல் முடிந்தால் மோப்பத்துக்கு வாங்கிய பொருளை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். உடுப்பை மாற்றி, கை கழுவிய பிறகே நாயிடம் போக வேண்டும். அவன் அப்படிப் போய் உட்கார்ந்தான். மூக்கி அவன் காலருகே படுத்துத் தூங்கினாள்.